இடுப்பு மூட்டுக்கு 10 சதவீதம்தானா? வி.ஏ. முடிவை எதிர்த்து அப்பீல்: எந்த வழி, எந்தத் தாள்

முல்லை | 4 பிப்ரவரி 2024

கணவர் மாவ்னி (தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரைச் சேர்த்த திட்டம்) வழியாக அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர் (தமிழும் அந்த மொழிப் பட்டியலில் இருந்தது, தெரிந்திருக்கும்). அடிப்படைப் பயிற்சியில் வலது தொடை எலும்பின் கழுத்தில் அழுத்த முறிவு, திருகு போட்டு எலும்பு கூடிவிட்டது. வி.ஏ. (முன்னாள் படைவீரர் துறை) வலது இடுப்புக்கு 10 சதவீத ஊன ரேட்டிங் கொடுத்திருக்கிறது. இடது இடுப்புக்கு மறுப்பு: "வலது இடுப்பினால் வந்ததல்ல." கடிதம் வந்து ஒன்பது மாதம் ஆகிறது.

தேர்வுத் தாளில் (வி.ஏ.வுக்காக டாக்டர் பரிசோதித்து எழுதியது) வலது பக்கம்: முன்னால் மடக்குவது 95 டிகிரி, பின்னால் நீட்டுவது 10, வெளியே விரிப்பது 20, பாதத்தை வெளியே திருப்புவது 25, கால்களைக் குறுக்கே போட முடியும். மாதம் இரண்டு தடவை வலி ஏறி இரண்டு நாள் சரியாக நடக்க முடியாது என்று இவர் சொன்னதையும் எழுதியிருக்கிறார்கள். அந்த நாளில் எத்தனை டிகிரி என்ற கட்டத்தில் மட்டும் "வெறும் ஊகமாகிவிடும், சொல்ல முடியாது" என்று இருக்கிறது.

வலி கடுமையானது என்று வெளி டாக்டரிடம் கடிதம் வாங்கிப் போட்டால் 20 ஆகுமா?

கோனியோ | 4 பிப்ரவரி 2024

ஆகாது.

கோனியோ | 4 பிப்ரவரி 2024

ஒரு சொல்லில் விட்டுப்போனது தப்பு, விளக்குகிறேன். வி.ஏ. ரேட்டிங் அட்டவணையில், இடுப்பு அசைவு எண்களில் வலியின் கடுமைக்கென்று படிகள் கிடையாது. 38 சி.எஃப்.ஆர். 4.59 (அமெரிக்க அரசு விதித்தொகுப்பில் வி.ஏ. பகுதி) என்ன சொல்கிறது? வலியோடு அசையும் மூட்டுக்குக் குறைந்தபட்ச ரேட்டிங். அதுதான் இந்த 10. அதற்கு மேலே ஏற வேண்டுமானால் டிகிரி குறைய வேண்டும்.

முன்னால் மடக்குவதற்கு அட்டவணை எண் 5252. 45 டிகிரியில் நின்றால் 10, 30-இல் 20, 20-இல் 30, 10-இல் 40. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார ஏறக்குறைய 90 வேண்டும். 30-இல் நிற்கிற இடுப்போடு ஒருவர் காரில் ஏறி அப்பாயிண்ட்மென்டுக்கு வருவதே பெரும்பாடு. 95 உள்ளவர் இந்தக் கதவை முட்டிப் பிரயோஜனம் இல்லை. ஆனால் அப்பீல் போகிறவர்களில் பெரும்பாலோர் முட்டுவது இதில்தான், கடிதத்தில் அச்சாகியிருக்கும் எண் இது ஒன்றுதான் என்பதால்.

இடுப்புக்கு இன்னும் இரண்டு கதவு உண்டு. 5251, பின்னால் நீட்டுவது 5 டிகிரியோடு நின்றால் 10. 5253-க்குள் மூன்று விஷயம்: பாதத்தை வெளியே 15 டிகிரிக்கு மேல் திருப்ப முடியாவிட்டால் 10, கால் மேல் கால் போட முடியாவிட்டால் 10, வெளியே விரிப்பது 10 டிகிரிக்கு மேல் போகாவிட்டால் 20.

உங்கள் தாளில் விரிப்பு 20. சாதாரண நாளில் அளந்தது. வலி ஏறிய நாளில் அது 10-ஆ, 12-ஆ என்பதுதான் உங்கள் கேஸ். அந்தக் கட்டத்தைத்தான் காலியாக விட்டிருக்கிறார்கள்.

கடைசிபெஞ்ச் | 5 பிப்ரவரி 2024

எலும்பு முறிந்ததுதானே? 5255 இருக்கிறதே. கோணலாகக் கூடிய எலும்புக்கு லேசானது 10, நடுத்தரம் 20, மிகுதி 30. நேரே 30 கேட்கலாமே.

கோனியோ | 5 பிப்ரவரி 2024

பழைய பஞ்சாங்கம். 7 பிப்ரவரி 2021 முதல் அந்த லேசு, நடுத்தரம், மிகுதி மூன்றையும் எடுத்துவிட்டார்கள். இப்போது கோணலாகக் கூடியிருந்தால் முழங்கால் எண்களிலோ இடுப்பு எண்களிலோ (5250 முதல் 5254 வரை) எது அதிகம் வருகிறதோ அதில் போடு என்றுதான் இருக்கிறது. திரும்பவும் டிகிரிதான். எலும்பு கூடவே இல்லை என்றால் 60, 80 என்று பெரிய எண்கள் அப்படியே இருக்கின்றன. அந்தத் தேதிக்கு முன்பே போட்டு இன்னும் நிலுவையில் இருக்கும் கேஸுக்குப் பழையதையும் பார்க்க வேண்டும். முல்லையின் கேஸ் அப்படி அல்ல. இணையத்தில் சுற்றும் பாதிப் பட்டியல்கள் 2021-க்கு முந்தியவை, கவனம்.

பிசியோ_அக்கா | 5 பிப்ரவரி 2024

"கால்களைக் குறுக்கே போட முடியும்" என்ற வரியில் எனக்குச் சந்தேகம். ஆங்கிலத்தில் கேட்கிற அந்தக் கேள்வி நம் ஆட்கள் காதில் இரண்டு விதமாக விழும். ஒன்று சம்மணம், மற்றது கால் மேல் கால். உடம்புக்கு இரண்டும் எதிரெதிர். சம்மணத்தில் தொடை வெளியே விரிந்து திரும்புகிறது. கால் மேல் காலில் தொடை நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே வருகிறது. 5253 கேட்பது இரண்டாவதை. சம்மணம் வராதவருக்குக் கால் மேல் கால் நன்றாகவே வரலாம்.

போதாததற்கு நம் வளர்ப்பு. பெரியவர் முன்னால் கால் மேல் கால் போட்டால் முதுகில் ஒன்று விழும். டாக்டர் முன்னால் "போட மாட்டேன்" என்கிறவர்கள் உண்டு. தாளில் "போடுவதில்லை" என்று ஏறும். விதி கேட்பது "முடியாது" என்பதை. கணுக்காலை மட்டும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் காட்டிவிட்டு "முடியும்" என்று டிக் வாங்கியவர்களும் உண்டு. முழங்கால் மேல் முழங்கால் ஏற வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் எதைச் செய்து காட்டினார் என்று கேளுங்கள்.

அளவெடுப்பிலும் ஒரு ஓட்டை. விரிக்கும்போது இடுப்புக்கூட்டைக் கையால் அழுத்திப் பிடிக்காவிட்டால் அது மேலே தூக்கிக்கொள்ளும், முதுகின் அசைவும் சேர்ந்து 10 டிகிரி 20 மாதிரி தெரியும். பின்னால் நீட்டுவதிலும் அப்படியே. குப்புறப் படுத்துக் காலைத் தூக்கும்போது நடுமுதுகு வளைந்துகொடுத்தால் மூட்டு 5-இல் நின்றிருக்கும், கோணம் அளக்கும் கோனியோமீட்டர் 15 காட்டும். மல்லாந்து படுத்து மற்றக் காலை நெஞ்சுவரை மடக்கிப் பிடிக்கும் தாமஸ் சோதனையில் இது பிடிபடும். நோய்க்கால் மெத்தையை விட்டு எழும்பினால் அந்த இடுப்பு முழுதாக நீளவில்லை என்று பொருள்.

கோனியோ | 6 பிப்ரவரி 2024

அக்கா சொன்னது நான் எழுதியதைவிட உபயோகமானது. ஒரு குறிப்பு மட்டும்: விரிப்புக்கு 20, கால் மேல் காலுக்கு 10 என்று 5253-க்குள் இரண்டு வாங்க முடியாது. ஒரே எண், அதிகமான ஒன்று.

இப்போது காலிக் கட்டம். 2017-இல் வெட்டரன்ஸ் கோர்ட் ஷார்ப் வழக்கில் சொன்னது: வலி ஏறுகிற நாட்கள் உண்டு என்று தெரிந்தால், எத்தனை தடவை, எவ்வளவு நேரம், எதனால், அப்போது என்னென்ன செய்ய முடியவில்லை என்று பரிசோதிப்பவர் கேட்க வேண்டும். கேட்டதையும் கோப்பில் இருப்பதையும் வைத்து டிகிரியில் ஒரு மதிப்பீடு தர வேண்டும். "அந்த நேரத்தில் நான் பார்க்கவில்லை" என்பது தட்டிக்கழிக்கக் காரணமாகாது. ஊகம் என்று எழுதுவதானால், மருத்துவ அறிவே அங்கே நின்றுவிடுகிறது என்று காட்ட வேண்டும். இந்த ஒருவருக்குத் தெரியவில்லை என்பது போதாது.

இன்னொன்று 2016, கொர்ரேயா வழக்கு. தானாக அசைத்து, பிறர் அசைத்து, எடை தாங்கும்போது, தாங்காதபோது என எல்லாம் பார்க்க வேண்டும். மறுபக்க மூட்டு நல்லதாக இருந்தால் அதையும் அளக்க வேண்டும். இவருக்கு இடதும் கெட்டிருப்பதால் அந்தக் கடைசிப் பகுதி உதவாது. மற்றவை தாளில் இருக்கின்றனவா என்று கட்டம் கட்டமாகப் பாருங்கள். எடை தாங்கும்போது வலி உண்டா என்ற கேள்விக்கு "உண்டு" என்று டிக் மட்டும் போட்டு, டிகிரி எங்கேயும் இல்லாமல் இருப்பதுதான் வழக்கமான குறை.

மூன்றாவது உங்களுக்கு எதிரானது, தெரிந்துகொள்ளுங்கள். 2011, மிட்செல் வழக்கு. 0-விலிருந்து 95 வரை வழி நெடுக வலித்தது என்றாலும் அது 95-தான். வலி எந்த இடத்தில் செயலை நிறுத்துகிறது என்பதே கணக்கு. ஆகவே அளக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு கடைசிவரை போகிற வீரம் வேண்டாம். எங்கே நிறுத்த வேண்டியிருக்கிறதோ அங்கே நிறுத்தி, "இதற்கு மேல் முடியாது, வலி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பட்டாளத்தில் பழகியது இங்கே கையைக் கடிக்கும்.

முல்லை | 6 பிப்ரவரி 2024

கேட்டேன். கணுக்காலைத்தான் குறுக்கே வைத்தாராம். இடது இடுப்பு?

கோனியோ | 7 பிப்ரவரி 2024

மறுப்புக்குக் காரணமாக டாக்டர் எழுதிய வரியைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள். "வலது இடுப்பினால் உண்டானதல்ல" என்று மட்டும் இருந்தால் பாதிக் கேள்விக்குத்தான் பதில். அதே விதித்தொகுப்பின் 3.310 இரண்டு கேட்கிறது: உண்டாக்கியதா, இல்லாவிட்டால் ஏற்கனவே இருந்ததை மோசமாக்கியதா. 2013-இல் எல்-அமின் வழக்கில் கோர்ட் சொன்னது இதுதான், "சம்பந்தமில்லை" என்ற சொல்லுக்குள் "மோசமாக்கவில்லை" அடங்கிவிடாது. இந்த ஓட்டை நிறையத் தாள்களில் இருக்கும்.

ஆனால் ஓட்டையைக் காட்டினால் கிடைப்பது இன்னொரு தேர்வுதான், ரேட்டிங் அல்ல. ரேட்டிங்குக்கு நெக்ஸஸ் கடிதம், அதாவது தொடர்பைக் காட்டும் டாக்டர் கடிதம் வேண்டும். அதில் "இருக்கலாம்", "சாத்தியம்" என்ற சொற்கள் வந்தால் குப்பை. சரிபாதியாவது வாய்ப்பு உண்டு என்கிற அந்த வி.ஏ. வாசகம் வேண்டும். அதைவிட முக்கியம் அடுத்து வருகிற "ஏனென்றால்". 2008, நீவ்ஸ்-ரோட்ரிகஸ் வழக்குக்குப் பிறகு, கோப்பைப் படித்தேன் என்று எழுதுவதால் எடை கூடாது, காரணத்தில்தான் எடை.

இவர் விஷயத்தில் அந்த "ஏனென்றால்" இப்படி இருக்கலாம்: முறிவுக்குப் பிறகு வலது கால் எத்தனை மில்லிமீட்டர் குட்டை, எந்த ஆண்டிலிருந்து நொண்டல் பதிவாகியிருக்கிறது, எந்தப் பக்கம் கைத்தடி, இடது மூட்டின் எக்ஸ்ரே எப்போது என்ன காட்டியது, இடது பக்கம் கெட வேறு காரணம் இருந்தால் அது ஏன் போதாது. கடைசியை விட்டுவிடுகிறார்கள். எடை கூடியதை டாக்டர் காரணமாகக் காட்டினால் அதற்கும் வழி இருக்கிறது. 2017-இல் வி.ஏ.யின் தலைமை வழக்கறிஞர் அலுவலகமே ஒத்துக்கொண்டது, உடல்பருமன் தனி நோயாகாவிட்டாலும் இடைப்படியாக நிற்கலாம். வலது இடுப்பால் நடை குறைந்தது, அதனால் எடை ஏறியது, எடையால் இடது மூட்டு தேய்ந்தது. மூன்று கண்ணிக்கும் தாள் இருக்க வேண்டும்.

பிசியோ_அக்கா | 7 பிப்ரவரி 2024

கால் நீளத்தை இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து உள் கணுக்கால் முண்டுவரை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். நிற்கவைத்துக் கண்ணால் பார்த்து "சமம்" என்று எழுதுவது கதைக்காகாது.

கோனியோ | 7 பிப்ரவரி 2024

ஆமாம். குட்டைக்கே தனி எண் இருக்கிறது, 5275. ஆனால் 3.2 செ.மீ.யில்தான் ஆரம்பம், அதுவும் 10. அதே காலின் முறிவு ரேட்டிங்கோடு சேர்த்து வாங்கவும் முடியாது. அளவு நெக்ஸஸுக்குத்தான் உதவும்.

கடைசிபெஞ்ச் | 8 பிப்ரவரி 2024

சற்று விலகுகிறேன். தமிழில் "இடுப்பு வலி" என்றால் பாதிப் பேருக்கு அது முதுகின் அடிப்பகுதி. சிக் கால் எனப்படும் பட்டாள மருத்துவ நேரத்தில் போய் அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னால் முதுகுவலி என்று பதிவாகும். பிறகு பத்து வருஷம் கழித்து "பணிக்காலத்தில் இடுப்பு பற்றிப் பதிவே இல்லை" என்று கடிதம் வரும்.

பிசியோ_அக்கா | 8 பிப்ரவரி 2024

விலகல் இல்லை, விஷயமே அதுதான். உண்மையான இடுப்பு மூட்டு வலி தொடை இடுக்கில், கவட்டைப் பக்கம் வரும். சில சமயம் முழங்காலில் மட்டும் வரும். வெளிப்பக்கம் எலும்பு முட்டும் இடத்தில் வலித்தால் பெரும்பாலும் அங்கேயுள்ள நீர்ப்பை அல்லது தசைநார். பின்புறம் வலித்தால் முதுகைப் பார்க்க வேண்டும். பழைய மருத்துவப் பதிவில் "இடுப்பு" என்று தேடிக் கிடைக்காவிட்டால், தொடையிடுக்குச் சுளுக்கு, தொடைத்தசை இழுப்பு, முழங்கால் வலி என்று என்னென்ன பெயரில் இருக்கிறதோ எல்லாவற்றையும் எடுங்கள். பயிற்சி முகாமில் அழுத்த முறிவு முதலில் சுளுக்கு என்று எழுதப்பட்டு ஐபுப்ரோஃபென் கொடுத்து அனுப்பப்படுவது புதிதில்லை.

கோனியோ | 9 பிப்ரவரி 2024

சரி, எந்த வழி. 19 பிப்ரவரி 2019 முதல் மூன்று பாதை. கடிதத் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் எதில் போனாலும், முதல் விண்ணப்பத் தேதி கையை விட்டுப் போகாது. தோற்றாலும் அடுத்த ஒரு வருடத்துக்குள் அடுத்த பாதையில் ஏறினால் தேதி தொடரும். உங்களுக்கு இன்னும் மூன்று மாதம்.

வலது இடுப்புக்கு உயர்நிலை மறுஆய்வு, படிவம் 20-0996. புதிய தாள் எதையும் வைக்க முடியாது. தேவையும் இல்லை, பிழை உள்ளே இருக்கிற தாளிலேயே இருக்கிறது. தேர்வு குறைபாடானது என்று ஒத்துக்கொண்டால், உதவும் கடமையில் (சான்று திரட்ட வி.ஏ. உதவ வேண்டும் என்ற விதி) பிழை என்று சொல்லித் திருப்பி அனுப்பிப் புதுத் தேர்வு வைப்பார்கள்.

இடது இடுப்புக்குத் துணை விண்ணப்பம், 20-0995, நெக்ஸஸ் கடிதத்தோடு. "புதியதும் பொருத்தமானதும்" என்ற நிபந்தனை அந்தக் கடிதத்தாலேயே நிறைவேறும்.

இரண்டும் தனித்தனி விஷயம் என்பதால் தனித்தனிப் பாதையில் போகலாம். ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் இரண்டு பாதையில் ஏற்றக் கூடாது. இரண்டுக்கும் வி.ஏ. தனக்கு வைத்துக்கொண்ட இலக்கு சராசரி 125 நாள்.

மூன்றாவது, போர்டு, அதாவது வெட்டரன்ஸ் அப்பீல் போர்டு, படிவம் 10182. அதற்குள் மூன்று வரிசை: இருப்பதை வைத்துத் தீர்ப்பு, சான்று சேர்த்துத் தீர்ப்பு, நீதிபதி முன் விசாரணை. முதல் வரிசைக்கு இலக்கு 365 நாள். சான்று வரிசையில் படிவம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 90 நாள் ஜன்னல், விசாரணை வரிசையில் விசாரணையும் அதற்குப் பிந்தைய 90 நாளும். 91-ஆம் நாள் போன கடிதத்தைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். நல்ல நெக்ஸஸ் கடிதங்கள் பல சாவது இங்கேதான்.

முல்லை | 9 பிப்ரவரி 2024

மறுஆய்வு கேட்டால் இருக்கிற 10-ம் போய்விடுமா?

கோனியோ | 9 பிப்ரவரி 2024

எளிதில் போகாது. முடிவுக் கடிதத்தில் "சாதகமான கண்டுபிடிப்புகள்" என்று ஒரு பகுதி இருக்கும். அதை மறுஆய்வாளரும் போர்டும் ஏற்றே ஆக வேண்டும், அப்பட்டமான பிழை என்று நிரூபித்தால் ஒழிய. இடது இடுப்பு மறுப்பிலும் அதே பகுதியைப் பாருங்கள். "இடது இடுப்பில் மூட்டுத் தேய்வு கண்டறியப்பட்டது" என்று அங்கே இருந்தால் நோய் உண்டா என்ற சண்டை முடிந்தது, தொடர்பை மட்டும் நிரூபித்தால் போதும்.

கோனியோ | 11 பிப்ரவரி 2024

இரண்டாம் யோசனை. வலது பக்கம் மறுஆய்வு என்று நான் அழுத்திச் சொன்னதற்குக் காரணம், வலி ஏறும் நாட்கள் பற்றிய வாக்குமூலம் ஏற்கனவே தாளில் இருப்பது. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது தாளில் "வலி ஏறுவதில்லை" என்று டிக் இருந்தால், மறுஆய்வு வீண். அவர்கள் 21-10210 படிவத்தில் மனைவி, உடன் வேலை செய்பவர் என்று யாராவது எழுதிக் கொடுத்து, துணை விண்ணப்பத்தில் போக வேண்டும். "ரொம்ப வலிக்கும், பாவம்" என்று எழுதினால் ஒன்றுக்கும் ஆகாது. "வலி ஏறிய நாளில் காரில் ஏறும்போது வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைப்பார், கால் சட்டையைக் கட்டிலில் சாய்ந்துதான் போடுவார், கால்களை ஒரு சாண் அகலத்துக்கு மேல் விரிக்க முடியாது" என்று எழுதினால் பரிசோதிப்பவர் அதை டிகிரியாக மாற்ற முடியும்.

கால் மேல் கால் விஷயமும் அப்படியே. கணுக்காலைக் காட்டினார் என்பது புதுத் தகவல், மறுஆய்வில் சொல்ல முடியாது. புதுத் தேர்வு வந்தால் அங்கே சரிசெய்துகொள்ளுங்கள்.

இன்னொரு திருத்தம். 5252-இல் வாங்கிய 10-ஐ வைத்துக்கொண்டே 5253-இல் தனியாக 20 கிடைக்கும் என்று நான் எழுதியதாக யாரும் படிக்க வேண்டாம். மூன்று எண்களும் தனித்தனி அசைவுக்கானவை, தனித்தனியாகவும் தரலாம். ஆனால் இவருடைய 10 அசைவு குறைந்ததற்கு வந்ததல்ல, வலிக்கான குறைந்தபட்சம். விரிப்புக்கு 20 வந்தால் அந்த 10 நிற்குமா என்பதில் வாதம் வரும். 20 வந்தால் போதும் என்று கணக்குப் போடுங்கள்.

கடைசிபெஞ்ச் | 11 பிப்ரவரி 2024

வலது 20, இடது 10 வந்தால் இருபக்கச் சேர்மானம் 10 சதவீதம் கூடுதல் உண்டே, மொத்தம் தூக்கிவிடும்.

கோனியோ | 11 பிப்ரவரி 2024

போட்டுப் பாருங்கள். 20-ம் 10-ம் சேர்ந்தால் வி.ஏ. கணக்கில் 28 (20 போக மிச்சமுள்ள 80-இல் 10 சதவீதம் 8). அதில் பத்தில் ஒன்று 2.8, கூட்டினால் 30.8, அதாவது 31. பத்தாக்கினால் 30. சேர்மானமே இல்லாவிட்டாலும் 28, பத்தாக்கினால் 30. ஒரு காசு கூடாது.

30-ம் 20-ம் ஆனால் கதை வேறு. 44, சேர்மானம் 4.4, மொத்தம் 48.4, பத்தாக்கினால் 50. சேர்மானம் இல்லாவிட்டால் 40. இடது முழங்கால், வலது இடுப்பு என்று மூட்டு வேறாக இருந்தாலும் இரண்டு காலும் சேர்ந்தால் போதும்.

கடைசிபெஞ்ச் | 11 பிப்ரவரி 2024

இரண்டும் இரண்டும் மூன்றரை என்று கற்பிக்கிற பள்ளிக்கூடம்.

பிசியோ_அக்கா | 13 பிப்ரவரி 2024

திருகு போட்ட தழும்பு தொட்டால் வலிக்கிறதா? யாரும் கேட்கவில்லை.

கோனியோ | 13 பிப்ரவரி 2024

நானும் விட்டுவிட்டேன். வலிக்கிற தழும்பு ஒன்றோ இரண்டோ இருந்தால் 7804-இல் தனியாக 10. மூட்டு ரேட்டிங்கோடு மோதாது. இது அப்பீலில் வராது, புது விண்ணப்பம். தாள்கள் சேர்க்க நேரம் வேண்டுமென்றால் இப்போதே 21-0966 போட்டு வையுங்கள், ஒரு வருடத்துக்குத் தேதி பிடித்துவைக்கும்.

கடைசிபெஞ்ச் | 15 பிப்ரவரி 2024

மூட்டு மாற்று செய்துவிட்டால் 100 என்கிறார்களே?

கோனியோ | 15 பிப்ரவரி 2024

நான்கு மாதத்துக்கு. எண் 5054. 2021 பிப்ரவரிக்கு முன் ஒரு வருடமாக இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் 4.30-இன்படி ஒரு மாதம், அதன்பின் இந்த நான்கு. பிறகு மிச்சம் இருப்பதைப் பொறுத்து 90, 70, 50. முழு மூட்டு மாற்றாக இருந்தால் 30-க்குக் கீழே இறங்காது. மாற்றாமல் மூட்டின் மேற்பரப்பை மட்டும் புதுப்பித்தால் அந்தத் தரை கிடையாது.

சண்டை எப்போதும் 30-க்கும் 50-க்கும் இடையில். 50-க்கு "ஓரளவு கடுமையான" பலவீனம், வலி அல்லது அசைவுக் குறைவு என்று இருக்கும். அந்தச் சொல்லுக்கு வரையறை எங்கும் இல்லை. ஆகவே நீங்கள்தான் நிரப்ப வேண்டும்: தசை வலு 5-க்கு எத்தனை, எத்தனை படி ஏறினதும் நிற்கிறார், கைத்தடி தினமுமா வெளியே போனால் மட்டுமா, மாத்திரை எது எத்தனை மில்லிகிராம். 90-க்கு வலியோ பலவீனமோ ஊன்றுகோல் வேண்டிய அளவுக்கு இருக்க வேண்டும். கைத்தடி ஊன்றுகோல் ஆகாது.

நஷ்டப்படுகிற இடம் ஒன்று. அறுவை சிகிச்சையை வெளி ஆஸ்பத்திரியில் செய்துகொண்டு, ஒரு வருடத்துக்கு மேல் கழித்து ரேட்டிங் உயர்வு கேட்பது. உயர்வுக்கான தேதி விண்ணப்பத்துக்கு அதிகபட்சம் ஒரு வருடம்தான் பின்னால் போகும். அந்த ஐந்து மாதம் அப்படியே காற்றில் போகும்.

பிசியோ_அக்கா | 15 பிப்ரவரி 2024

மூட்டு மாற்றியவர்களுக்குச் சேர்த்து: பின்பக்கமாக அறுத்திருந்தால் 90-க்கு மேல் மடக்காதே, நடுக்கோட்டைத் தாண்டாதே, உள்ளே திருப்பாதே என்று சர்ஜன் சொல்லியிருப்பார். தேர்வில் கட்டாயப்படுத்தினால் செய்து காட்ட வேண்டாம், மூட்டு நழுவும். சர்ஜனின் தாளைக் கையில் கொண்டு போங்கள்.

முல்லை | 18 பிப்ரவரி 2024

ஒரு நிறுவனம் போன் செய்தது. எல்லாம் நாங்களே முடித்துத் தருகிறோம், கூடுதலாக வரும் தொகையில் ஆறு மாதத் தொகை கொடுத்தால் போதும் என்கிறார்கள்.

கோனியோ | 18 பிப்ரவரி 2024

போனை வையுங்கள். வி.ஏ. அங்கீகாரம் பெற்ற வக்கீலோ ஏஜென்டோ முதல் முடிவு வந்த பிறகுதான் கட்டணம் வாங்கலாம். நிலுவைத் தொகையில் 20 சதவீதம்வரை நியாயம் என்றும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் நியாயமல்ல என்றும் விதியே அனுமானிக்கிறது. வெட்டரன்ஸ் சேவை அமைப்புகளின் பிரதிநிதிகள் வாங்குவது பூஜ்யம். பேர் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று வி.ஏ. தளத்தில் தேடிப் பாருங்கள். அதில் இல்லாதவர் "ஆலோசகர்" என்று எந்தப் பெயரில் வந்தாலும் வேண்டாம்.

அதற்கு முன் 20-10206 போட்டு முழுக் கோப்பை வரவழையுங்கள். சுருக்கக் கடிதத்தை வைத்துக்கொண்டு யாராலும் இந்தச் சண்டை போட முடியாது.

முல்லை | 2 ஏப்ரல் 2024

இன்று 20-0996 போகிறது. இடதுக்கு டாக்டர் கடிதம் அடுத்த வாரம். இன்ஃபார்மல் கான்ஃபரன்ஸ் என்ற கட்டத்தில் டிக் போடவா?

கோனியோ | 2 ஏப்ரல் 2024

போடுங்கள். கொஞ்சம் தாமதமாகும், பரவாயில்லை. அது மறுஆய்வாளரோடு ஒருமுறை போன் பேச்சுதான், விசாரணை மாதிரி வலியை விவரிக்கிற இடமல்ல. சில வரி மட்டும் எழுதி வையுங்கள்: தேர்வுத் தாள் இந்தப் பக்கம், வலி ஏறும் நாள் பற்றி இவர் சொன்னது பதிவாகியிருக்கிறது, அடுத்த கட்டத்தில் டிகிரி மதிப்பீடு இல்லை, காட்டிய காரணம் ஷார்ப் வழக்குப்படி போதாது, 5253-இன் விரிப்பு முடிவுக் கடிதத்தில் பேசப்படவே இல்லை. பக்க எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள்.

பிசியோ_அக்கா | 2 ஏப்ரல் 2024

புதுத் தேர்வு வந்தால் காலையில் மாத்திரை போட்டிருந்தால் எத்தனை மணிக்கு என்று சொல்லச் சொல்லுங்கள். லுங்கியோ தளர்ந்த அரைக்கால் சட்டையோ கொண்டு போகட்டும். இறுக்கமான ஜீன்ஸோடு விரிப்பை அளந்தால் அளவெடுத்தது ஜீன்ஸை.

முல்லை | 2 ஏப்ரல் 2024

லுங்கி பையில் வைத்தாயிற்று.